பெட்டில வந்த சைக்கிளை வீட்லயே மாட்டுறது எப்படி, ஏறி உக்காரதுக்கு முன்னாடி எதையெல்லாம் பாக்கணும்

பெட்டி வந்து இறங்குன உடனே வீட்ல இருக்குற சின்னதுங்க கத்திரிக்கோலைத் தூக்கிட்டு ஓடி வரும், அதை முதல்ல புடுங்கி மேல வச்சுருங்க. அட்டைய குத்திக் கிழிச்சா முதல் கீறல் பெயிண்ட்லயோ டயர்லயோ தான் விழும். பெட்டி மேல 85 சதவீதம் மாட்டியாச்சு மீதி 15 தான் உங்க வேலைன்னு போட்டிருக்கும், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த 85க்குள்ள எது முழுசா முறுக்குனது எது சும்மா விரலால திருப்பி விட்டதுன்னு பாத்தா தெரியாது. எங்க அக்கா பையனுக்கு வந்த சைக்கிள்ல பின் சக்கரத்து நட்டு ஒண்ணு வெறுங்கையாலயே சுத்துச்சு. அதனால ஃபேக்டரில மாட்டுனது தானேன்னு எந்த போல்ட்டையும் விட்றாதீங்க, எல்லாத்துலயும் ஒரு தடவ கீ போட்டுப் பாத்துருங்க.

நான் சொல்றது இப்ப ஆன்லைன்ல நிறைய பேர் வாங்குறாங்களே அந்த மாதிரி வண்டிக்கு, 26 இல்ல 27.5 இன்ச் சக்கரம், 21 கியர், முன்னயும் பின்னயும் கேபிள் இழுக்குற டிஸ்க் பிரேக். கியர் இல்லாத வண்டின்னா கியர் வர்ற இடத்தைத் தாண்டிப் போயிக்கலாம். ப்ளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு அரசு குடுக்குற சைக்கிள் பார்ட் பார்ட்டா லாரில வந்து ஸ்கூல் கிரவுண்ட்லயே மாட்டுறதைப் பாத்திருப்பீங்க, அந்த அண்ணனுங்க கை வேகமெல்லாம் நமக்கு வராது, வரவும் வேணாம். முதல் தடவன்னா ரெண்டு மணி நேரம் ஒதுக்கிக்கங்க, பகல்ல பண்ணுங்க.

பெட்டிக்குள்ள தகரத்துல வெட்டுன ஒரு ஸ்பேனரும் ரெண்டு ஆலன் கீயும் வரும், ஸ்பேனரைத் தூக்கி ஓரமா போடுங்க, அது வளையும் இல்லனா நட்டோட மூலையை உருட்டி விட்டுரும். 4, 5, 6 எம்.எம். ஆலன் கீ, ஒரு நல்ல 15 எம்.எம். ஸ்பேனர், ஒரு ஸ்டார் திருப்புளி, ஏர் பம்ப், அப்புறம் ஹார்டுவேர் கடையில கிடைக்குற சின்ன கிரீஸ் டப்பா, மாட்டுறதுக்கு இவ்ளோதான். கிரீஸுக்குப் பதிலா தேங்காண்ணை தடவலாமான்னு கேக்காதீங்க, அது கிரீஸ் மாதிரி தங்காது.

பெட்டிய திறக்குறப்ப போன்ல வீடியோ ஓட விட்டுருங்க, உள்ள எதாச்சும் வளைஞ்சோ உடைஞ்சோ இருந்தா திருப்பி அனுப்ப அது ஒண்ணுதான் சாட்சி. முக்கியமா பாக்க வேண்டியது பின் கியர் தொங்குற அந்த சின்ன அலுமினியத் துண்டு. பெட்டி அந்தப் பக்கமா விழுந்திருந்தா அது உள்பக்கமா வளைஞ்சிருக்கும், பின்னாடி நின்னு பாத்தா கியரோட ரெண்டு குட்டி சக்கரமும் செயின் ஓடுற பல் சக்கரத்துக்கு நேரா ஒரே கோட்டுல செங்குத்தா தொங்கணும், கீழ்ப்பக்கம் சக்கரத்து போக்ஸ் கம்பிய நோக்கி சாய்ஞ்சிருந்தா அப்படியே ஓட்டாதீங்க, பெரிய பல்லுக்கு மாத்துறப்ப அந்த கியர் சக்கரத்து கம்பிக்குள்ள போய் மாட்டும், கியரும் போச்சு சக்கரமும் போச்சு, மேல இருக்குற ஆளைப் பத்தி சொல்லவே வேணாம்.

இப்ப ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்குற ரெண்டு கால் கவட்டை. பெட்டில அடக்குறதுக்காக ஃபோர்க்கைப் பின்பக்கமா திருப்பி வச்சிருப்பாங்க, அதை கவனிக்காம அப்படியே ஹேண்டில்பாரை மாட்டுறவங்க எத்தனை பேருன்னு ரோட்ல நின்னு பாத்தாலே தெரியும், அதுல நானும் ஒருத்தன். என் முதல் கியர் சைக்கிளை மாட்டி ரெண்டு நாள் ஓட்டுனேன், ஹேண்டில் கையில நிக்கவே இல்ல, திரும்புறப்ப கால் விரல் முன் டயர்ல இடிச்சுது, புது வண்டி பழகலன்னு நெனச்சேன். காத்து அடிக்கப் போன கடையில அண்ணன் ஒரு பார்வ பாத்துட்டு "என்ன தம்பி, வண்டி பின்னாடி பாத்துக்கிட்டே முன்னாடி போவுது"ன்னாரு. கண்டுபிடிக்கிறது சுலபம், சீட்ல உக்காந்த மாதிரி நின்னுக்கங்க, முன் டிஸ்க் பிரேக் ஃபோர்க்கோட இடது காலுக்குப் பின்பக்கம் வரணும். வலது பக்கம் முன்னாடி துருத்திக்கிட்டு இருந்தா ஃபோர்க் திரும்பி இருக்குன்னு அர்த்தம். டிஸ்க் இல்லாத வண்டில ஃபோர்க் நுனி வளைவு முன்னாடி போகணும். திருப்புறப்ப பிரேக் கேபிள் சுத்திக்காம பாத்துக்கங்க.

ஹேண்டில்பார் ரெண்டு விதம். ஒண்ணுல ஹேண்டிலைப் பிடிக்கிற தண்டு ஃபிரேமுக்குள்ள இறங்கும், மேல ஒரே ஒரு 6 எம்.எம். போல்ட். தண்டுல ஒரு கோடு போட்டிருப்பாங்க, அந்தக் கோடு வெளிய தெரியவே கூடாது. உயரம் பத்தலன்னு கோட்டுக்கு மேல தூக்கி வச்சா ஒரு பள்ளத்துல இறங்குறப்ப ஹேண்டில் தனியா கையோட வந்துரும். இன்னொரு விதம் வெளிப்பக்கமா கவ்வுறது, மேல மூடில ஒரு போல்ட், பக்கவாட்டுல ரெண்டு. இங்க வரிசை முக்கியம், முதல்ல ரெண்டு பக்க போல்ட்டையும் தளர்த்தி வச்சுக்கிட்டு, மேல் போல்ட்டை ஆட்டம் போற அளவுக்கு மட்டும் திருப்பி, முன் சக்கரமும் ஹேண்டிலும் நேரா இருக்கான்னு மேல இருந்து பாத்து, அப்புறம் பக்க போல்ட்டை மாத்தி மாத்தி முறுக்கணும். மேல் போல்ட்டை முரட்டுத்தனமா இறுக்கிட்டு ஹேண்டில் திரும்பலையேன்னு உக்காந்துருக்காதீங்க. ஹேண்டில் கம்பியைப் பிடிக்கிற முகப்புல நாலு போல்ட் இருந்தா குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, மேலயும் கீழயும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கணும். எவ்வளவு பலமா முறுக்கணும்னு போல்ட் மேலயே நியூட்டன் மீட்டர் கணக்குல அடிச்சிருப்பாங்க, பெரும்பாலும் 5, 6 தான், ஆலன் கீயோட குட்டைக் கையை விரலால அழுத்துற பலம் கிட்டத்தட்ட போதும், மேல ஏறி நிக்காதீங்க.

முன் சக்கரம் மாட்டுறதுக்கு முன்னாடி பிரேக்குக்குள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு சொருகி இருக்கும், எடுத்துருங்க. டிஸ்க் தகட்டை விரலால தொடாதீங்க, அதுவும் கிரீஸ் கையோட தொட்டா அன்னிக்கே பிரேக் கீச்சுன்னு கத்த ஆரம்பிக்கும், பிடிக்கவும் செய்யாது. டயர் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருந்தா அது சக்கரம் முன்னாடி உருளுற திசைக்கு இருக்கணும். அச்சு ரெண்டு பக்கமும் ஃபோர்க் வெட்டுல முழுசா உக்காந்துச்சான்னு பாத்துட்டு நட்டை முறுக்குங்க. நட்டுக்குப் பதிலா லீவர் இருந்தா அதை நட்டு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கக் கூடாது, லீவர் நேரா வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற இடத்துல கையில கனம் தெரிய ஆரம்பிக்கணும், அங்க இருந்து மடக்குறப்ப உள்ளங்கையில அச்சு பதியுற அளவுக்கு டைட்டா இருக்கணும். சுலபமா மடங்குனா இன்னும் அரை சுத்து எதிர்ப்பக்க நட்டை முறுக்குங்க.

பெடல்ல தான் அதிகம் பேர் வண்டியைக் கெடுக்குறாங்க. ரெண்டு பெடலும் பாக்க ஒண்ணு போல இருக்கும், ஆனா அச்சு நுனில எல், ஆர்னு எழுத்து இருக்கும், ஆர் செயின் இருக்குற வலது பக்கம், எல் இடது பக்கம். இடது பெடலுக்கு மரை உல்டா, வழக்கமா கழட்டுற திசையில திருப்புனா தான் ஏறும். எங்க தெருவுல ஒருத்தர் இடதை வலதுல வச்சு ஸ்பேனர் போட்டு மாட்டிட்டாரு, கிராங்க், அதாவது பெடலைத் தாங்குற கை, அலுமினியம், பெடல் அச்சு இரும்பு, மரை மாவு மாதிரி கொட்டுச்சு, கிராங்க் புதுசு வாங்க வேண்டியதாப் போச்சு. முதல் மூணு நாலு சுத்து கையால தான் ஏத்தணும், கையால ஏறலன்னா பக்கம் தப்பு இல்லனா சாய்ஞ்சு ஏறுது, கழட்டி மறுபடி வைங்க. மரைல கிரீஸ் கட்டாயம், இல்லனா ரெண்டு வருஷம் கழிச்சு பெடல் மாத்துறப்ப கழட்ட முடியாம அழுவீங்க. கடைசியா ஸ்பேனரால நல்லா இறுக்குங்க, இங்க 30, 40 நியூட்டன் மீட்டர் தாங்கும். எந்தப் பக்கம்னு குழப்பமா இருந்தா ஸ்பேனரை மேல் நோக்கி மாட்டி முன் சக்கரத்தைப் பாத்து இழுங்க, ரெண்டு பக்கத்துக்கும் அதுதான் இறுகுற திசை.

ஏன் இப்படி உல்டா வச்சான்னு ரொம்ப நாள் எனக்கும் ஒரு சந்தேகம். ஒரு பென்சிலை ஒரு கை முஷ்டிக்குள்ள லூசா பிடிச்சுக்கங்க, இன்னொரு கையால பென்சில் நுனியைப் பிடிச்சு வட்டமா சுத்துங்க, முஷ்டிக்குள்ள பென்சில் எதிர்ப்பக்கமா உருளுறது தெரியும். மிதிக்கிறப்ப உங்க பாரம் கிராங்க் ஓட்டைக்குள்ள அச்சை இதே மாதிரி உருட்டுது. இடது பக்கமும் சாதா மரையா இருந்துச்சுன்னா ஓட ஓட பெடல் தானா கழண்டு விழும்.

சீட்டுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, அதுலயும் ஒரு கோடு இருக்கும், வெளிய தெரியக் கூடாது. சீட்ல உக்காந்து பெடல் அடியில இருக்குறப்ப குதிகால் வச்சா கால் நேரா நீளணும், அதுதான் உயரம். மூக்கு மேல பாத்தும் வேணாம் கீழ பாத்தும் வேணாம். வளர்ற பையன்னு ரெண்டு இன்ச் உயரமா வச்சுக் குடுக்காதீங்க, கால் எட்டாம கீழ விழுவான்.

பிரேக். சக்கரத்தைத் தூக்கி சுத்தி விடுங்க, ஸ்ஸ் ஸ்ஸ்னு உரசுனா பிரேக்கைப் பிடிச்சிருக்குற ரெண்டு போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தி, பிரேக் லீவரை இறுக்கிப் பிடிச்ச மேனிக்கே அந்த போல்ட்டை முறுக்குங்க, பாதி கேஸ் இதுலயே தீந்துரும். கேபிள் டிஸ்க்ல பெரும்பாலும் வெளிப்பக்க பிரேக் கட்டை மட்டும் தான் நகரும், உள்பக்க கட்டையைச் சின்ன திருகு வச்சு தகட்டுக்குக் கிட்ட கொண்டு வரணும், தொடக் கூடாது. லீவரை முழுசா பிடிச்சாலும் ஹேண்டில் கம்பியைத் தொடக் கூடாது, தொட்டுச்சுன்னா லீவர் கிட்ட இருக்குற குமிழை வெளிப்பக்கமா சுத்துங்க, அதுலயும் பத்தலன்னா கேபிளையே இழுத்து மாட்டணும். ரிம்ல பிடிக்கிற பிரேக்னா கட்டை ரிம் மேல மட்டும் உக்காரணும், டயர்ல பட்டுச்சுன்னா ஒரே வாரத்துல டயர் அறுந்துரும். எந்தக் கைக்கு எந்த பிரேக்குன்னும் பிடிச்சுப் பாத்துக்கங்க, நம்ம ஊர் வண்டில பெரும்பாலும் பைக் மாதிரியே வலது கை முன் பிரேக், சிலதுல மாறி வரும்.

பின் கியர்ல எச், எல்னு ரெண்டு குட்டி திருகு இருக்கும், எச் சின்ன பல்லுக்கு எல்லை, எல் பெரிய பல்லுக்கு எல்லை. பின் சக்கரத்தைத் தூக்கி வச்சு மிதிச்சுக்கிட்டே ஒவ்வொரு கியரா மாத்துங்க, செயின் சின்ன பல்லைத் தாண்டி வெளிய விழுந்தா எச், பெரிய பல்லைத் தாண்டி போக்ஸ் கம்பிப் பக்கம் போனா எல், கால் கால் சுத்தா உள்ள திருப்புங்க. பெரிய பல்லுக்கு ஏற மறுக்குது டக்கு டக்குன்னு சத்தம்னா கியர் கேபிள் குமிழை அரை சுத்து வெளிய. இதுக்கு மேல சரி வரலன்னா கடைக்குப் போயிருங்க, வெக்கமே இல்ல, சில நூறு ரூபாய்க்கு டியூன் பண்ணிக் குடுத்துருவாங்க.

காத்து எவ்வளவுன்னு டயர் பக்கத்துலயே பி.எஸ்.ஐ. போட்டிருக்கும், தடிமனான டயருக்கு 40 கிட்ட வச்சா நம்ம ரோட்டுக்கு சரியா இருக்கும், அதுவும் டயர்ல போட்டிருக்குற எல்லைக்குள்ள வருதான்னு பாத்துக்கங்க. இந்த வண்டிங்கள்ல பைக்குக்கு வர்ற அதே வால்வு தான், பழைய வால்டியூப் கிடையாது, அதனால பெட்ரோல் பங்க்லயும் அடிக்கலாம், ஆனா சைக்கிள் டியூப்ல இடம் கம்மி, அந்த மெஷின்ல ரெண்டே செகண்ட்ல ஏறிரும், மீட்டர்ல கண்ணு இருக்கட்டும்.

இப்ப மேல ஏறாதீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம். முன் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை முன்ன பின்ன ஆட்டுங்க, ஹேண்டில் அடியில டொக்குன்னு ஆட்டம் இருந்தா, வெளிப்பக்கமா கவ்வுற வகைல மேல் போல்ட் லூசு. முன் சக்கரத்தை ரெண்டு கால் முட்டிக்கு நடுவுல வச்சு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்க, சக்கரம் நிக்கிறப்ப ஹேண்டில் மட்டும் திரும்புனா பக்க போல்ட் பத்தல, தண்டு உள்ள இறங்குற வகைன்னா அந்த 6 எம்.எம். போல்ட் பத்தல. சீட் மூக்கைப் பிடிச்சு அப்படியே திருகிப் பாருங்க. கிராங்கை ரெண்டு கையாலயும் உள்ள வெளிய ஆட்டுங்க. சக்கரத்தை சுத்தி விட்டு ரிம் வளைஞ்சு வளைஞ்சு போகுதான்னு ஃபிரேமுக்கும் ரிம்முக்கும் இருக்குற இடைவெளியைப் பாருங்க, கொஞ்சமா இருந்தா பரவால்ல, பிரேக்லயோ ஃபிரேம்லயோ உரசுற அளவுக்குன்னா கோட்டம் எடுக்கணும், அதை மட்டும் நீங்களே போக்ஸை முறுக்கிப் பண்ணாதீங்க, கை பழகாம முறுக்குனா கோட்டம் எட்டு போட்டுரும். கடைசியா வண்டியை ஒரு சாண் தூக்கி கீழ போடுங்க, கலகலன்னு எங்க சத்தம் வருதோ அங்க ஒரு நட்டு உங்களுக்காகக் காத்துருக்கு. பெல், முன்னாடி வெள்ளை பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர், எல்லாம் மாட்டியாச்சான்னு பாருங்க, பெட்டி அடியிலயே கிடக்கும்.

முதல் ரவுண்டு தெருவுக்குள்ளயே. டிஸ்க் பிரேக் புதுசுல பிடிக்கவே பிடிக்காது, கொஞ்சம் வேகமா போய் நடக்குற வேகத்துக்கு பிரேக் பிடிங்க, முழுசா நிறுத்தாதீங்க, இப்படி முன் பிரேக்குக்கு ஒரு பதினஞ்சு தடவ பின் பிரேக்குக்கு ஒரு பதினஞ்சு தடவ, அதுக்கப்புறம் தான் கட்டையும் தகடும் ஒண்ணுக்கு ஒண்ணு பழகும். மெயின் ரோட்டுக்கு அதுக்கு முன்னாடி போகாதீங்க.

ஒரு வாரமோ 50 கிலோமீட்டரோ ஓடுனதும் புது கேபிள் எல்லாம் கொஞ்சம் தளர்ந்திருக்கும், கியர் மறுபடி சத்தம் போடும், பிரேக் லீவர் ஹேண்டில் கம்பி கிட்ட வந்திருக்கும், குமிழை ஒரு சுத்து சுத்துனா போதும். கூடவே கிராங்க் போல்ட்டையும் இறுக்கிருங்க, அதுக்கு மட்டும் 8 எம்.எம். ஆலன் கீயோ 14 எம்.எம். சாக்கெட்டோ வேணும், இதை மறக்குறவங்க தான் ஜாஸ்தி. இடது கிராங்க் லூசான வாக்குல நாலு நாள் மிதிச்சா உள்ள இருக்குற சதுர ஓட்டை உருண்டையாயிரும், அப்புறம் என்ன இறுக்குனாலும் நிக்காது. அக்கா பையன் வண்டிக்கு ரெண்டாவது ஞாயித்துக்கிழம நான் போய் போட்டுப் பாத்தப்ப அந்த போல்ட் கால் சுத்து ஏறுச்சு.