மெர்சிடிஸ் 300 எஸ்.எல்., பி.எம்.டபிள்யூ 507: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

1950களின் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் என்று பேச்செடுத்தாலே இந்த இரண்டையும் மோதவிட்டுவிடுவார்கள். மோதவிடலாம், தப்பில்லை. இரண்டுக்கும் தூண்டுகோல் ஒரே ஆள்தான்: நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்து விற்ற மேக்ஸ் ஹாஃப்மன். ஒப்பிடும் விதத்தில்தான் கோளாறு.

குதிரைத்திறனையே எடுத்துக்கொள்வோம். 300 எஸ்.எல்.லுக்கு 240, 507க்கு 150 என்று எழுதி, 90 வித்தியாசம் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த 240 பழைய அமெரிக்க எஸ்.ஏ.இ. கணக்கு, காரில் எஞ்சின் சுமக்கும் உபரிப் பாகங்களைக் கழற்றிவிட்டு அளப்பது. 150 என்பதோ ஜெர்மன் டி.ஐ.என். கணக்கு, அந்தப் பாகங்களோடு அளப்பது. அதே கணக்கில் மெர்சிடிஸ் 215தான். அப்போதும் அதுதான் முந்துகிறது, ஆனால் இடைவெளி 65.

அடுத்து, எந்த 300 எஸ்.எல்.? மேல்நோக்கித் திறக்கும் கதவுள்ள கல்விங் 1954 முதல் 1957 வரை வந்தது, 1,400 கார்கள். 507 திறந்த கார்; அதற்குச் சரியான ஜோடி 1957இல் வந்த 300 எஸ்.எல். ரோட்ஸ்டர். கல்விங்குக்கும் ரோட்ஸ்டருக்கும் பின் அச்சே வேறு. வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் கல்விங்கின் பின்பக்கம் வீசிக்கொண்டு போகும். ரோட்ஸ்டரில் அந்தக் குணத்தை வெகுவாக அடக்கிவிட்டார்கள்.

507இன் உடம்பு முழுக்கக் கையால் தட்டிய அலுமினியம், வி8 எஞ்சினும் அலுமினியம். அதனால் லேசான கார் என்று நினைப்பது இயல்பு. எடை சுமார் 1,330 கிலோ! பெரும்பாலும் இரும்புத் தகட்டாலான கல்விங் அதைவிடச் சற்றுக் குறைவு. ரகசியம் அடியில் இருக்கிறது. மெல்லிய குழாய்களைப் பின்னிச் செய்த கல்விங்கின் சட்டம் ரொம்ப லேசு. 507க்கு அடியில் இருந்தது பி.எம்.டபிள்யூவின் இன்னொரு காரான 503 மாடலின் சேஸியைக் குறுக்கியது.

கல்விங்கின் அந்தக் குழாய்கள் பக்கவாட்டில் உயர்ந்து நின்றதால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. அழகுக்காகச் செய்தது என்பவர்கள் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்: ஸ்டீயரிங்கை மடித்து, அகலமான விளிம்பில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்க வேண்டும். கண்ணாடியும் இறங்காது, கழற்றித்தான் வைக்க வேண்டும்.

குறைவாக ஓடிய வண்டி என்றால் நல்ல வண்டி என்பதும் இங்கே எடுபடாது. கல்விங்கின் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்ப், சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் சுழன்று நிற்கும்வரை பெட்ரோலைப் பீய்ச்சும். அது சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலில் கலந்துவிடும். அடிக்கடி கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திய எஞ்சினுக்குத்தான் கேடு அதிகம். 507 வாங்குபவருக்கு வேறு தலைவலி: கையால் செய்ததால் ஒன்றின் ஹார்ட்டாப் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை) இன்னொன்றில் சரியாகப் பொருந்தாது.

252 கார்கள்தான் செய்தார்கள், எனவே 507 தோற்ற கார் என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 5,000 டாலருக்குள் விற்க நினைத்தார் ஹாஃப்மன்; அமெரிக்காவில் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். 1959 டிசம்பரில் மெர்சிடிஸைச் செய்யும் டைம்லர்-பென்ஸே பி.எம்.டபிள்யூவை விழுங்கப் பார்த்தது, பங்குதாரர்கள் தடுத்தார்கள். தோற்றது விலை. மோட்டார்சைக்கிளிலும் ஃபார்முலா ஒன்னிலும் உலக சாம்பியனான ஜான் சர்டீஸ், 1957இல் கைக்கு வந்த தன் 507க்கு டிஸ்க் பிரேக் மாட்டி, 2017இல் சாகும்வரை வைத்திருந்தார்.