புகையைப் பார்த்த பிறகு கதவைத் தட்டாதீர்கள்

2019 டிசம்பரில் சிட்னி வானம் செம்மண் நிறமாகிக் கிடந்தபோது, "நானும் தன்னார்வலராகத் தீயணைக்கப் போகலாமா?" என்று தோன்றாத ஆள் குறைவு. நல்ல மனசுதான், ஆனால் நேரம் தப்பிய மனசு. அந்தக் கோடையில் நியூ சவுத் வேல்ஸில் மட்டும் ஏறத்தாழ 55 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. 2,400க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அப்படிப்பட்ட நேரத்தில் புதிதாக வந்து நிற்பவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் ஏது? சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் காட்டில் நிற்பார்கள். அந்த மாநிலத்தில் காட்டுத்தீ அபாயக் காலம் வழக்கமாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. சேர நினைப்பவர் குளிர் தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் போக வேண்டும். குற்றப் பின்னணிச் சோதனை, வகுப்பு, செய்முறைப் பயிற்சி, மதிப்பீடு என்று ஒவ்வொன்றாக முடிந்து டாங்கரில், அதாவது தண்ணீர்த் தொட்டி வைத்த தீயணைப்பு வண்டியில், ஏற மாதக்கணக்கில் ஆகும்.

எங்கே சேர்வது என்பதிலும் குழப்பம் உண்டு. பெரிய ஊர்களைப் பார்த்துக்கொள்வது ஃபயர் அண்ட் ரெஸ்க்யூ என்ற தீயணைப்புத் துறை. அங்கே தீயணைப்பு சம்பள வேலை. மற்றபடி மாநில நிலப்பரப்பில் 95 சதவீதத்துக்கும் மேல் ரூரல் ஃபயர் சர்வீஸ் என்ற ஊர்ப்புறத் தீயணைப்புப் படையின் பொறுப்பு. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது அது. சுமார் 2,000 பிரிகேட் (அந்தந்தப் பகுதித் தீயணைப்புக் குழு), 70,000 தன்னார்வலர்கள். சல்லிக்காசு கிடையாது. நண்பர் இருக்கிறார் என்பதற்காக முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும் பிரிகேடில் பெயர் கொடுப்பது வீண் வேலை. அழைப்பு வந்து நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பியிருக்கும்.

அந்த அழைப்பு வந்ததும் சொந்தக் காரைப் பறக்கவிடுவது அடுத்த தவறு. உங்கள் காருக்கு எந்தச் சலுகையும் இல்லை. வேக வரம்பும் சிவப்பு விளக்கும் மற்றவர்களுக்கு எப்படியோ, உங்களுக்கும் அப்படித்தான்.

புதியவர்கள் மனதில் இருக்கும் படம் ஒன்றுதான்: எதிரே தீச்சுவர், கையில் ஹோஸ். உண்மையில் அதிக நேரம் கழிவது தீ கடந்துபோன இடத்தில். கறுத்துக் கிடக்கும் மண்ணில் புகையும் கட்டையைத் தேடி, ரேக்-ஹோவால் (ஒரு பக்கம் பல், மறுபக்கம் மண்வெட்டி) கிளறி, தண்ணீர் விட்டு, மறுபடி கிளற வேண்டும். வேருக்குள் நெருப்பு நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கையுறையைக் கழற்றிப் புறங்கையை மண்ணருகே கொண்டுபோனால் சூடு தெரியும். சலிப்பான வேலைதான். இதை அரைகுறையாக விட்டுப் போனால் மறுநாள் காற்றில் அதே இடம் மறுபடி பற்றும். போதாக்குறைக்குச் சாலை விபத்து, வெள்ளம், குளிர்காலத்தில் திட்டமிட்டுப் புதரை எரிப்பது என்று மற்ற வேலைகளும் வரும். இதெல்லாம் ஒத்துவராது என்றால் ரேடியோ, சமையல், மக்களுக்கு எடுத்துச் சொல்லும் பணி என ஹோஸ் தொடாத பொறுப்புகளும் உண்டு. அவற்றுக்கு ஆள் எப்போதும் தேவை.

உயிரோடு விளையாடும் தவறு வேறு: முகப்பை, அதாவது தீ முன்னேறும் முனையை, மட்டும் பார்ப்பது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மோசமான நாள்களில் வடமேற்கிலிருந்து வெப்பக்காற்று வீசும். தீ ஒல்லியாக, நீளமாகத் தென்கிழக்கே ஓடும். அதன் பக்கவாட்டில் தழல் தாழ்ந்து, அடங்கினமாதிரி தெரியும். பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்காற்று புகும். கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடந்த அந்த வடகிழக்குப் பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் முகப்பாகிவிடும். 1998 டிசம்பர் 2 அன்று விக்டோரியாவின் லிண்டனில் இப்படித்தான் காற்று திரும்பியது. ஒரு டாங்கரில் இருந்த ஜீலாங் வெஸ்ட் பிரிகேடின் தன்னார்வலர்கள் ஐந்து பேரும் இறந்தார்கள். அதனால்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்: காற்று எப்போது மாறும்? எரிந்து முடிந்த கறுப்பு நிலம் எந்தப் பக்கம்? வண்டியில் தண்ணீர் எவ்வளவு மிச்சம்? கடைசிச் சொட்டுவரை தீயில் அடித்துவிட்டு நிற்பவர் தன்னைக் காத்துக்கொள்ள எதையும் வைத்திருக்கவில்லை. சரிவையும் மறக்கக்கூடாது. மேல்நோக்கிய சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். மேட்டில் நின்று கீழேயிருந்து வரும் புகையை வேடிக்கை பார்ப்பது மடமை.

தீ போனதும் ஆபத்தும் போனது என்று நினைத்துவிட வேண்டாம். அடிமரம் எரிந்துபோன யூகலிப்டஸ் சத்தமில்லாமல் சாயும். 2019 டிசம்பர் 19 இரவு நியூ சவுத் வேல்ஸின் பக்ஸ்டன் அருகே மரம் விழுந்து டாங்கர் கவிழ்ந்ததில் இரண்டு தன்னார்வலர்கள் இறந்தார்கள். தரையைப் பார்த்தே நடக்கிற பழக்கம் நமக்கு. அங்கே அண்ணாந்து பார்க்கவும் பழக வேண்டும்.

உடையில் ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் கோட்டும் கால்சட்டையும் அவர்களே தருவார்கள். உள்ளே என்ன போடுகிறோம் என்பதுதான் நம் கையில். கிரிக்கெட் ஜெர்சி, நைலான் உள்ளாடை எல்லாம் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியோ கம்பளியோ போடுங்கள். மோதிரத்தை வீட்டில் கழற்றி வையுங்கள்.

மேலாளரிடம் முன்கூட்டியே பேசாமல் சேர்வதும் சிக்கல். வேலைச் சட்டம் அவசரப் பணித் தன்னார்வலருக்கு விடுப்பு தருகிறது. ஆனால் அது சம்பளமில்லாத விடுப்பு. நான்கு நாள் போனால் நான்கு நாள் கூலி போகும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

பணி முடிந்து கரி படிந்த உடையோடு படம் எடுத்துக்கொள்ளும் ஆசை யாருக்கும் வரும். அந்தக் கரியைப் பெருமையாக வைத்துக்கொள்ளாதீர்கள். தீயணைப்புப் பணியில் உடலில் சேர்பவை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் உறுதியானவற்றுக்கான முதல் பிரிவிலேயே வைத்துவிட்டது. கோட்டைத் தனிப் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளின் துணியோடு சேர்த்து மெஷினில் போடாமல் தனியாகத் துவையுங்கள். அதற்கு முன் ஒரு குளியல்.