இன்குபேஷன் மையத்தை நாடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுத்தொழிலுக்கு இடம், ஆய்வுக்கூடம், வழிகாட்டல் தந்து வளர்த்துவிடும் அமைப்பே இன்குபேஷன் மையம். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் புதுத்தொழில் தொடங்குவோருக்கு ஆலோசனை சொல்லும் வேலையில், எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே இன்றைய இளைஞர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கிறேன். கணக்கு எழுதாமல் இருப்பது, சந்தையை விசாரிக்காமல் இறங்குவது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் விட்டுவிடுகிறேன்.

அவசரப் பதிவு

கல்லூரிப் போட்டியில் பரிசு வாங்கிய கையோடு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் பதிந்துவிடும் வழக்கம்தான் எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுகிறது. மார்த்தாண்டம் பக்கத்து இளைஞர்கள் இருவர் தேனின் ஈரப்பதத்தைக் குறைக்கும் சிறு கருவியை வடிவமைத்திருந்தார்கள். ரப்பர் தளிர்க்கும் பருவத்தில் இங்கே எடுக்கும் தேனில் நீர் அதிகம். உணவுப் பாதுகாப்பு விதியோ பொதுவாக 20 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. ஆகவே கருவிக்குத் தேவை இருந்தது. ஆனால் சோதித்துப் பார்க்கும் முதல் மாதிரிக் கருவியைச் செய்து முடிக்குமுன்பே நிறுவனத்தைப் பதிந்துவிட்டு, தேர்வு, வேலை என்று போய்விட்டார்கள்.

திரும்பி வந்தபோது இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம், இன்குபேஷன் மையங்கள் வழியாக, மாதிரி உருவாக்கத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை தவணைகளில் மானியம் தருவது. ஆனால் விண்ணப்பிக்கும்போது நிறுவனத்துக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது அதன் விதி. இதைத் தளர்த்த எந்த மையத்துக்கும் அதிகாரம் இல்லை. ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் தணிக்கையும் நிறுவனப் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்குத் தாக்கலும் கட்டாயம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை; தாமதத்துக்குப் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஏறியிருந்தது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாக்கல் செய்யாமல் இருந்தால் இயக்குநர் பதவிக்கான தகுதியே ஐந்தாண்டுகளுக்குப் பறிபோகும்.

போதாததற்கு, பதிவு முகவரி திருவனந்தபுரத்தில் இருந்த உறவினர் வீடு. எல்லையோர மாவட்டத்தில் இது அடிக்கடி நடக்கிறது. நிறுவனத்தின் பதிவு முகவரியை மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். அதுவரை தமிழக அரசின் உதவிகளுக்கு அந்த நிறுவனம் வெளியூர்க்காரன்தான்.

மாதிரி செய்ய நிறுவனம் தேவையில்லை. மத்திய அரசின் நிதி-பிரயாஸ் (NIDHI-PRAYAS) திட்டம் தனிநபருக்கே 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கருவியைத் தேனீ வளர்ப்போரிடம் ஒரு பருவமாவது ஓட்டிப் பார்த்து, வாங்குவதற்கு ஆள் இருப்பது தெரிந்த பிறகு பதிந்தால் போதும்.

மேசை மட்டும் கேட்பது

மேசையும் இணையமும் வீட்டிலேயே கிடைக்கும். ஆய்வுக்கூடத்தையும், துறை தெரிந்த வழிகாட்டியையும், முதல் வாடிக்கையாளரிடம் அறிமுகத்தையும் கேளுங்கள்.

மானியத்தில் கட்டடம் எழுப்புவது

விதை நிதியில் அதற்கு இடமில்லை.

விதை நிதி விண்ணப்பத்துக்குக் கட்டணம் செலுத்துவது

செலுத்தாதீர்கள்.

உள்ளூர்ப் பொருளை அலட்சியம் செய்வது

புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழையும் மார்த்தாண்டம் தேனும் கையருகே இருக்க, பெருநகரத்துச் செயலி ஒன்றின் நகலோடு வருபவர்களே அதிகம். தேன் கருவி விற்றால் தேனீ வளர்ப்பவருக்கு விலை கூடும், தக்கலைப் பட்டறைக்கு வேலை வரும். செயலியின் நகலால் இங்கே யாருக்கு என்ன கிடைக்கும் என்று நான் நேர்காணலில் கேட்பதுண்டு, பெரும்பாலும் பதில் வருவதில்லை.