ஸ்கெட்ச்அப்பில் சுவர் பாதியில் வெட்டுப்படுகிறதா?

சர்வேயர் கொடுத்த ஆட்டோகேட் வரைபடத்தை ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் ஏற்றி அதன்மேல் வீடு வரைகிறீர்கள். கிட்டே ஜூம் செய்தால் சுவர் பாதியில் வெட்டுப்பட்டு மறைகிறது. உடனே கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் வரைபடம் மூலப்புள்ளியிலிருந்து (மூன்று அச்சுகளும் சந்திக்கும் 0,0,0 இடம்) வெகுதூரம் தள்ளிக் கிடக்கும். சர்வே அளவுகளோடு வரும் ஃபைல்களில் இது சகஜம்.

மறைத்துவைத்த பகுதிகளையும் முதலில் வெளியே கொண்டுவாருங்கள், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மூவ் கருவியால் மனையின் ஒரு மூலையைப் பிடித்து, சதுர அடைப்புக்குறியோடு [0,0,0] என்று தட்டி என்டர் அழுத்துங்கள். அடுத்து, முழு வரைபடத்தையும் திரையில் காட்டும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸை அழுத்துங்கள்.

இன்னொன்று: சுவரை வரைந்த கையோடு மூன்று முறை கிளிக் செய்து முழுவதையும் தேர்ந்தெடுத்து, குரூப் (தனித் தொகுதி) ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சுவர் அதோடு ஒட்டிக்கொள்ளும்.