எஸ்பிஐசி முதலீட்டுக்கு எப்படிப் போவது?

அமெரிக்காவில் சிறுதொழில் நடத்தும் பலர் எஸ்பிஐசி (சிறுதொழில் முதலீட்டு நிறுவனம்) என்றாலே அரசாங்கப் பணம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி எஸ்பிஏவிடம் (அமெரிக்க அரசின் சிறுதொழில் துறை அமைப்பு) உரிமம் வாங்கிய தனியார் முதலீட்டு நிறுவனம். தான் திரட்டிய முதலோடு, எஸ்பிஏ உத்தரவாதத்தில் கடன்பத்திரம் விற்றும் பணம் எடுக்கிறது. பொதுவாகத் தன் முதலின் இரண்டு மடங்கு வரை. யாருக்குக் கொடுப்பது என்பது அந்த நிறுவனத்தை (ஃபண்டை) நடத்தும் மேலாளரின் முடிவு. எஸ்பிஏவில் ஆள் பிடித்துப் பயனில்லை.

படி 1: தகுதி பாருங்கள்.
பொதுவாக, குட்வில் (தொழிலின் நற்பெயருக்குக் கணக்கில் போடும் மதிப்பு) போன்றவற்றைக் கழித்த நிகர மதிப்பு 2.4 கோடி டாலரையும், கடந்த 2 ஆண்டுகளின் சராசரி நிகர லாபம் 80 லட்சம் டாலரையும் தாண்டக் கூடாது. ரியல் எஸ்டேட், வட்டிக்கு விடும் தொழிலுக்குக் கிடையாது. அலுவலகம் டல்லாஸில், ஆட்கள் பெரும்பாலும் சென்னையில் என்று நடத்தும் ஐடி நிறுவனங்கள் கவனிக்க: ஊழியர்களில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் பொதுவாகக் கதவு மூடியதுதான்.

படி 2: ஃபண்டைத் தேர்ந்தெடுங்கள்.
எஸ்பிஏ தளத்தில் பட்டியல் இருக்கிறது. உங்கள் துறையில், உங்களுக்கு வேண்டிய தொகையில் ஏற்கெனவே பணம் போட்டவர்களை மட்டும் அணுகுங்கள். எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புவது வீண் வேலை.

படி 3: கணக்குகளைத் தயாராக வையுங்கள்.
சில ஆண்டுகளின் நிதி அறிக்கை, வரித்தாக்கல், பணம் எதற்கு என்ற விவரம். வருமானமே இல்லாத யோசனைக்கு இங்கே அநேகமாக ஆள் கிடைக்காது. கடன்பத்திரத்துக்கு ஃபண்டே வட்டி கட்ட வேண்டும், அதனால் மாதாமாதம் காசு வரும் தொழிலைத்தான் தேடும்.

படி 4: டேர்ம் ஷீட்டை (முதலீட்டு நிபந்தனைகளின் சுருக்கத்தை) நிதானமாகப் படியுங்கள்.
உதாரணமாக, 20 லட்சம் டாலர் கடன், 12 சதவீத வட்டி, அதோடு 5 சதவீதப் பங்குக்கு வாரண்ட் (முன்பே பேசிய விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை) என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டுமே மாதம் 20,000 டாலர், அசல் தனி. வங்கிக் கடனை விட விலை அதிகம்தான், ஆனால் அடமானம் போதாமல் வங்கி கைவிரித்த இடத்தில் இது கிடைக்கும். பலர் வட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வாரண்டை விட்டுவிடுகிறார்கள். நாளைக்குக் கம்பெனியை 2 கோடிக்கு விற்றால் அந்த 5 சதவீதம் ஏறக்குறைய 10 லட்சம். எனக்குக் கேட்டால், பேரம் பேச வேண்டிய இடம் அதுதான்.

படி 5: கையெழுத்து.
அளவுத் தகுதிக்குப் படிவம் 480, பாகுபாடு காட்டமாட்டோம் என்ற உறுதிமொழிக்குப் படிவம் 652. அதற்கு முன் ஒப்பந்தத்தை உங்கள் வக்கீல் ஒருமுறை பார்த்துவிடட்டும். ஃபண்டின் வக்கீல் அவர்களுக்காகத்தான் எழுதியிருப்பார்.