தண்ணீர் பச்சையாகாவிட்டாலும் மீன் குஞ்சுக்குத் தீனி உண்டு

மீன் குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குளத்தில் பச்சை நிறம் வரவில்லையே என்று உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். அந்தப் பச்சை பாசியால் வருவது. குஞ்சுகளுக்கு இரையாகும் விலங்கு மிதவைகள், அதாவது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகள், பாசியைத் தின்றுதான் பெருக வேண்டும் என்றில்லை. மொய்னா, டாப்னியா, ரோட்டிஃபர் என்ற மிதவைகள் எல்லாம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள பாக்டீரியாவைக்கூட வடிகட்டித் தின்னும். கோபிபாடு என்ற இன்னொரு மிதவைக்கு அவ்வளவு பொடி இரை சரிப்படாது. பாக்டீரியாவைத் தின்ற ஒருசெல் உயிரிகளை அது பிடித்துக்கொள்ளும்.

வெப்பமண்டலக் குளத்தில் தண்ணீர் 28–30 டிகிரியில் இருப்பதால் போட்ட தீனி சீக்கிரம் மட்கி, பாக்டீரியா மளமளவெனப் பெருகும். அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனியாகத் தவிட்டையோ பிண்ணாக்கையோ முதல்நாள் இரவே ஊறவைத்து, துணியில் பிழிந்து, பால் போன்ற அந்தத் தண்ணீரை மட்டும் வெயில் ஏறியபின் குளம் முழுக்கத் தெளியுங்கள். சக்கை அடியில் தங்கினால் அழுகி நாறும்.

கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். வெண்புள்ளிகள் துள்ளித் துள்ளி நகர்ந்தால் மொய்னா போன்ற மிதவைகள் வந்துவிட்டன. கலங்கல் மட்டும் இருந்து துள்ளல் இல்லையென்றால் இன்னும் சில நாள் பொறுக்கலாம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: பாக்டீரியாவும் ஆக்சிஜனைக் குடிக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அன்றைக்கே தெளிப்பை நிறுத்திவிட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.