பிசானத்துக்கு நாற்றுப் பாவும் முறை

பிசானம் என்பது தாமிரபரணிப் பாசனத்தில் மழைக்காலத்து நெல் பருவம். ஆற்றிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயிலும் கோடகன் கால்வாயிலும் தண்ணீர் ஓடி, புரட்டாசிக் கடைசியில் நாற்றுக்கு விதை பாவத் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழையும் பின்னாலேயே வந்துவிடும். அதனால் முந்தைய கார் பருவத்துக்குப் பாவுவதைவிட இதில் கவனம் கூடுதலாக வேண்டும். வடிகால் சரியில்லாத நாற்றங்காலில் முதல் பெருமழையிலேயே விதை அழுகிப்போகும்.

மத்தியகால ரகம் என்றால் ஏக்கருக்கு 16 கிலோ விதையும் 8 சென்ட் நாற்றங்காலும் போதும்.

முதலில் உப்புத் தண்ணீரில் போட்டு நல்ல விதையைப் பிரித்தெடுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை கிலோ கல்லுப்பு. கரைந்ததும் ஒரு கோழிமுட்டையைப் போட்டால், அது மிதந்து நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிய வேண்டும். முங்கினால் இன்னும் உப்புப் போடுங்கள். முட்டை புதிதாக இருக்கட்டும். நாள்பட்டது வெறும் தண்ணீரிலேயே மிதந்து ஏமாற்றும். விதையைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொட்டிக் கிண்டி, மேலே வரும் கருக்காயையும் (பதரையும்) பாதி நிரம்பிய நெல்மணியையும் அரித்து எடுத்துவிடுங்கள். அடியில் நின்றதை உடனே இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்புக் கெடும்.

பிறகு 24 மணி நேரம் ஊறல். தண்ணீரை வடித்து, ஈரச்சாக்கில் தளர்வாகக் கட்டி, இன்னொரு 24 மணி நேரம் நிழலில் வையுங்கள். அடைமழைக் குளிரில் இன்னும் சில மணி நேரம் பிடிக்கலாம். இடையில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். நடுவில் சூடு ஏறியிருந்தால் கிளறித் தண்ணீர் தெளியுங்கள். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்தால் போதும். நீள விட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வீசும்போது ஒடியும்.

நாற்றங்காலுக்கு 400 கிலோ மக்கிய தொழுவுரம் போட்டு, தொழி கலக்கி (சேறாக உழுது), மரப்பலகை இழுத்துச் சமப்படுத்துங்கள். இரண்டரை மீட்டர் அகலப் பாத்தி, இடையில் ஓரடி வாய்க்கால். கலக்கிய உடனே பாவக் கூடாது: சேற்றுக்குள் விதை புதைந்து மூச்சுமுட்டும். சேறு படிந்து தண்ணீர் தெளிந்தபின், மெல்லிய தண்ணீரில் சீராக வீசுங்கள்.

மறுநாள் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கால்தடக் குழியில் தேங்குவதைக்கூட விரலால் கீறி வாய்க்காலுக்கு விடுங்கள். பாவிய இரவே மழை இறங்கினால், துளி விழுந்து விதை ஒதுங்காதபடி கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும். விடிந்ததும் மடையைத் திறந்துவிடலாம். ஐந்தாம் நாளுக்குமேல் நாற்றின் உயரத்துக்கேற்ப ஒன்றரை சென்டிமீட்டர் முதல் இரண்டரை வரை தண்ணீர் கட்டலாம்.

களிமண்ணில் பறிக்கும்போது வேர் அறும். அங்கே பத்தாம் நாள் சென்டுக்கு 4 கிலோ ஜிப்சமும் 1 கிலோ டி.ஏ.பி.யும் போட்டால் வேர் அறாமல் வரும். 25 முதல் 30 நாளுக்குள் பறித்து நட்டுவிடுங்கள். முற்றிய நாற்று தூர் கட்டாது, அதாவது பக்கக் கிளைப்பு விடாது.